பிரபுவுக்கு நெருங்கிய சொந்தம்

பெட்ரா மான்சா ஊரின் வரலாற்று வம்சாவளிக் கழகத்தில் நாற்காலி போடுவதே பெரிய சடங்கு. காப்பித் தோட்டம் போட்டு ஊரை உண்டாக்கிய பிரபுவுக்கு யார் எவ்வளவு நெருக்கமோ, அவ்வளவு மெத்தென்ற நாற்காலி. நேர் வாரிசுகளுக்கு வெல்வெட். அந்தக் குடும்பத்தில் பெண் எடுத்தவர்களுக்குப் பிரம்பு. பிரபு மேல் வெறும் மரியாதை மட்டும் உள்ளவர்களுக்குச் சுவர், சாய்ந்துகொள்ளலாம். கூட்டம் தொடங்கும்போது எல்லோரும் எழுந்து நின்று பிரபுவின் முழுப்பெயரையும் சொல்ல வேண்டும். பெயர் நீளமானது என்பதால் வயதான உறுப்பினர்கள் நடுவில் கொஞ்சம் உட்கார்ந்து, முடியும்போது மறுபடி எழுந்துகொள்வார்கள்.

கழகத்தின் தலைவர் டாக்டர் எவரார்தோ. அவர் வைத்தியரும் இல்லை, பெரிய படிப்பு படித்தவரும் இல்லை. ஆனால் அவர் வீட்டு ஆண்பிள்ளைகளை ஊரில் தொட்டிலிலேயே டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய வெல்வெட் நாற்காலிக்கு மட்டும் கால் வைக்க ஒரு முக்காலியும் உண்டு.

ஒனோஃப்ரி அந்தக் கட்டடத்துக்குள் போனதில்லை. அதன் வாசலில் தினம் பேருந்தை நிறுத்துவார், அவ்வளவுதான். ஊருக்கு இருப்பது ஒரே நகரப் பேருந்து. அதை ஓட்டுகிறவர் அவர். பலாமேட்டுக் குடியிருப்போர் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். திறமையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததாகச் சொல்ல முடியாது. எல்லா அலுவலக வாசலிலும் பேருந்து நிற்கும், போகிற வழியில் மனுக்களைக் கொடுத்துவிடலாம் என்பதுதான் அவருடைய தகுதி.

அந்த நாட்களில் மனு ஒன்றே ஒன்றுதான். பிரபுவின் தோட்டத்து அடிமைகள், விடுதலை என்று அறிவிப்பு வந்த அன்று, "போங்க" என்று சொல்லப்பட்டவர்கள். போவதற்கு இடம் இல்லாததால் தோட்டத்துக்குப் பின்னால் இருந்த பலாமேட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரன்களும் அதே மேட்டில்தான் பிறந்தார்கள், அதே மேட்டில்தான் புதைக்கப்பட்டார்கள். அடிமைகளின் வழிவந்தவர்கள் விடாமல் குடியிருக்கும் நிலம் அவர்களுக்கே சொந்தம் என்று சட்டம் வந்தபிறகு, பலாமேடு பட்டா கேட்டது. நகரசபை மறுக்கவில்லை. இவர்கள் அடிமை வம்சம்தான் என்று வரலாற்றுக் கழகம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கொடுத்துவிடலாம் என்றது. கழகம் அந்த ஒரு வார்த்தையை யோசித்துக்கொண்டே இருந்தது.

இப்படியிருக்கும்போதுதான் டாக்டர் எவரார்தோ ஒனோஃப்ரியைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஒனோஃப்ரி, நீங்க கொஞ்சம் எச்சில் தரணும்."

"எதுக்குங்க டாக்டரய்யா?"

"விஞ்ஞானத்துக்கு." டாக்டர் முக்காலியில் காலை மாற்றி வைத்துக்கொண்டார். "ஊரோட இருநூறாவது ஆண்டு விழா வருது. பிரபுவோட எலும்பையும் எங்க எச்சிலையும் மரபணுச் சோதனைக்கு அனுப்பி, நாங்கதான் வாரிசுன்னு அசைக்க முடியாம நிரூபிக்கப் போறோம். அதுக்கு ஒப்பிட்டுப் பாக்க, அவர் ரத்தம் துளிகூட இல்லாத ஆளுங்களும் வேணுமாம். இருட்டு எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தானே வெளிச்சத்தை அளக்க முடியும்? நிறத்தைச் சொல்லலை, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு உவமைக்குச் சொன்னேன்."

"பட்டா விஷயம் டாக்டரய்யா..."

"ஒத்துழைக்கிறவங்களைக் கழகம் மறக்காது."

ஒனோஃப்ரி வீட்டுக்கு வந்து சொன்னபோது அவர் மனைவி ஜுரெமா மொச்சை ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்டுவிட்டு ஒரு நிமிடம் கையை நிறுத்தினாள்.

"இத்தனை காலம் நம்மளைப் பாத்து அவனுங்க துப்பினானுங்க. இப்ப நம்மளையே துப்பச் சொல்றானுங்க. முன்னேற்றம்தான்யா."

"பட்டா கெடைக்கும்னா நாலு தடவை துப்பிட்டுப் போறேன், என்ன இப்போ?"

"துப்பு. எந்தப் பக்கம் பாத்துத் துப்பணும்னு மட்டும் மறந்துடாதே."

எச்சில் எடுத்த அன்று கழகத்தின் முன்மண்டபத்தில் பேண்டு வாத்தியம். வெல்வெட் நாற்காலிக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து குழாயில் துப்ப, அதை வெள்ளித் தட்டில் வாங்கினார்கள். டாக்டர் எவரார்தோ துப்பியபோது எல்லோரும் எழுந்து நின்றார்கள். பலாமேட்டுக்காரர்களுக்குப் பின்கட்டில், பழைய கோவேறு கழுதைக் கொட்டடி ஓரமாக ஏற்பாடு. அங்கே குழாய்களைப் போட்டு வைக்க ஒரு ஐஸ்கிரீம் டப்பா. பக்கத்திலேயே பெரிய அண்டாவில் கறுப்பு மொச்சையும் பன்றிக்கறியும் கொதித்துக்கொண்டிருந்தது. வாசனைக்கு எச்சில் தானாக ஊறும், செலவு இல்லை என்பது கழகத்தின் யோசனை. துப்பி முடித்தவர்களுக்குத்தான் சாப்பாடு. ஒனோஃப்ரிக்குப் பதற்றத்தில் வாய் வறண்டுபோய், கடைசி ஆளாகத் துப்பினார். அவர் முறை வந்தபோது அண்டாவில் குழம்பு மட்டும் இருந்தது.

அடுத்து பிரபுவின் கல்லறையைத் திறந்தார்கள். ஆயர் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். எலும்புகளையெல்லாம் ஒரு பெட்டியில் அடுக்கி, மேலே கொடி போர்த்தி, தலைநகரத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள்.

முடிவைச் சொல்ல ஆய்வுக்கூடத்திலிருந்து மிர்தெஸ் என்ற பேராசிரியை வந்தாள். நீண்ட பயணத்தில் களைத்துப்போனவள். பிரபுவின் முழுப்பெயரை நின்றுகொண்டே கேட்டதில் இன்னும் களைத்திருந்தாள். வெல்வெட், பிரம்பு, சுவர் எல்லாம் நிரம்பியிருந்தன. பலாமேட்டுக்காரர்கள் ஜன்னலுக்கு வெளியே.

"நேர் வாரிசுங்க யாருன்னு சந்தேகமே இல்லாம தெரிஞ்சிடுச்சு" என்றாள்.

பழக்கத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். டாக்டர் எவரார்தோ எழுந்து தலை குனிந்து வணங்கினார்.

"ஒனோஃப்ரிங்கிறவர் யாரு?"

ஜன்னலுக்கு வெளியே ஒனோஃப்ரி கையைத் தூக்கினார், பள்ளிக்கூடத்தில் போல.

"உங்க அப்பா, அவரோட அப்பா, அவரோட அப்பான்னு ஆண் வழியிலேயே பின்னால போனா நேரா பிரபுகிட்டப் போய் நிக்குது. உங்க மேட்டுல எச்சில் குடுத்தவங்கள்ல பாதிப்பேருக்கு மேல அவர் வழிதான்."

கைதட்டல் கூச்சத்தோடு நின்றது. டாக்டர் எவரார்தோ மட்டும் நின்றபடியே இருந்தார். "சரி. எங்களுக்கு?"

"உங்களுக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லைங்க."

"எந்த அளவுக்குச் சம்பந்தம் இல்லை?"

"சுத்தமா இல்லை."

"சுத்தம்!" என்று டாக்டர் சபையைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டீங்களா? விஞ்ஞானி வாயால சொல்லிட்டாங்க." செயலாளர் அதைக் குறித்துக்கொண்டார். தலைவரின் ரத்தம் சுத்தமானது என்று அன்றைய நிகழ்ச்சிக் குறிப்பில் ஏறிவிட்டது.

இருந்தாலும் கழகம் சும்மா இருக்கவில்லை. இன்னொரு முறை சோதிக்கச் சொன்னது, அதே முடிவு. கல்லறையில் யாரோ அடிமையின் எலும்பு கலந்திருக்கும் என்று ஒரு பிரம்பு நாற்காலி சொன்னது. ஆயர் கோபித்துக்கொண்டார். அவர் தீர்த்தம் தெளித்தது அடிமையின் எலும்புக்கு என்று ஆகிவிடுமே? எலும்பு பிரபுவுடையதாகவே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. கடைசியில் டாக்டர் எவரார்தோவே வழி கண்டுபிடித்தார். வாரிசுகள் இரண்டு வகை: ஆன்ம வாரிசு, உடல் வாரிசு. ஆன்மா உயர்ந்தது என்பதால் வெல்வெட் இருந்த இடத்திலேயே இருக்கும். உடலுக்குச் சமையலறைக் கதவோரம் ஒரு மடக்கு நாற்காலி.

அந்த வாரம் முழுவதும் ஒனோஃப்ரி பேருந்தைக் கழக வாசலில் நிறுத்தும்போதெல்லாம் உள்ளே மாட்டியிருந்த பிரபுவின் படத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றார். முடியவில்லை. படத்தில் இருந்தது அவருடைய அப்பாவின் காது. மடல் ஒட்டி, நுனி வெளியே மடிந்து. அப்பாவை நினைத்தால் இனிமேல் இந்த மீசைக்காரனும் கூடவே வருவான் என்று தோன்றியது. ஒருநாள் சவரம் செய்யும்போது கண்ணாடியில் தன் காதைப் பார்த்துவிட்டு, கத்தியை அப்படியே வைத்துவிட்டார்.

"பாதி முகத்தோடயா வண்டி ஓட்டப் போறே?" என்றாள் ஜுரெமா.

"எந்தப் பாதி என்னுதுன்னு தெரியலை."

அவள் கேலி செய்யவில்லை. வந்து பக்கத்தில் உட்கார்ந்து, மீதி சவரத்தை அவளே செய்துவிட்டாள். துண்டால் துடைக்கும்போது, "அந்த அடிமைப் பொண்ணுக்கு என்ன வயசு இருந்திருக்கும்?" என்றாள்.

உடல் வாரிசுகளைக் கழகத்தில் சேர்க்கும் விழாவில் டாக்டர் எவரார்தோ பேசினார்.

"நண்பர்களே! பிரபு தம் அடிமைகளைச் சொந்தப் பிள்ளைகளைப் போல நடத்தினார் என்று என் பாட்டனார் சொல்வார். நையாண்டி செய்தவர்கள் உண்டு. இன்று விஞ்ஞானமே சாட்சி சொல்கிறது. பிள்ளைகளைப் போல என்ன, பிள்ளைகளேதான்! எப்பேர்ப்பட்ட நெருக்கம்! எப்பேர்ப்பட்ட பரந்த மனம்! அந்தக் காலத்தில் பெரிய வீட்டுக்கும் அடிமைக் குடிலுக்கும் இடையில் கதவே இருந்ததில்லை!"

"கதவு இருந்துச்சுங்க" என்றாள் ஜுரெமா, சுவரோரத்திலிருந்து. "தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்துச்சு."

டாக்டர் புன்னகையோடு அவள் பக்கம் திரும்பினார். குடும்பத்தில் ஒருத்தி ஆகிவிட்டாளே, கோபிக்க முடியாது. "ஏதாவது கேக்கணுமா அம்மா?"

"அந்தப் பொண்ணு பேரு என்னங்க?"

"எந்தப் பொண்ணு?"

"பிள்ளையைப் பெத்தவ."

டாக்டர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் பிரம்பு நாற்காலிகளைப் பார்த்தார். "அதெல்லாம் எழுதி வைக்கலை. ஆனா பிரபு ரொம்ப ஒழுங்கானவர், பாருங்க. தோட்டத்துக் கோவேறு கழுதைங்க ஒவ்வொண்ணோட பேரும் நம்மகிட்ட இருக்கு. வேணும்னா வாசிக்கச் சொல்றேன்."

வாசித்தார்கள். சபை மரியாதையோடு கேட்டது. பிறகு ஒனோஃப்ரியின் தோளில் பச்சைப் பட்டை ஒன்றைக் குறுக்காகப் போட்டுவிட்டு, போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் அவர் கண்ணை மூடியிருந்தார். இன்னொன்று எடுக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை.

பட்டா பற்றிக் கழகத்தின் கருத்து அதற்கடுத்த நகரசபைக் கூட்டத்தில் வந்தது. டாக்டர் எவரார்தோ நேரில் போய்ச் சொன்னார். சட்டம் அடிமைகளின் வழிவந்தவர்களுக்கு நிலம் தருகிறது. பலாமேட்டுக்காரர்கள் பிரபுவின் வழிவந்தவர்கள் என்று சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமாகிவிட்டது. ஒருவர் எசமான் வம்சமாகவும் அடிமை வம்சமாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது. ஆகவே மனு செல்லாது.

ஒனோஃப்ரிக்குப் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. எழுந்து நின்றார். "அப்போ பிரபுவோட வாரிசுங்கிற முறையில நிலம் எங்களுதுதானே டாக்டரய்யா?"

"அது சட்டம் தெரியாம பேசறது. அந்தப் பிள்ளை பிறந்தப்போ அவன் அடிமை. அடிமைன்னா சொத்து. சொத்துக்கு எப்படிய்யா சொத்து சேரும்?"

"இப்பத்தானே நாங்க அடிமை வம்சம் இல்லேன்னு சொன்னீங்க?"

"பட்டா விஷயத்துல இல்லை. வாரிசு விஷயத்துல ஆமா." டாக்டரின் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "ஒனோஃப்ரி, உங்களுக்குக் கௌரவம் குடுத்தோம். அதையும் வாங்கிட்டு நிலத்தையும் கேட்டா, நம்ம குடும்பத்துக்கு அது அழகா?"

வாக்கெடுப்பு சீக்கிரம் முடிந்தது. மேடு முழுவதும் யூகலிப்டஸ் வைக்கப்போகிற ஒரு கம்பெனிக்குப் போயிற்று. அதே கம்பெனி கழகத்துக்கு மாடி கட்டித் தருவதாக ஒப்புக்கொண்டது தற்செயல் என்று செயலாளர், யாரும் கேட்காமலேயே எல்லோரிடமும் சொன்னார்.

ஒனோஃப்ரி வீட்டுக்கு வந்ததும், "என் எச்சில்தான்" என்றார். "நான் துப்பாம இருந்திருந்தா..."

"வேற ஏதாவது சொல்லியிருப்பானுங்க." ஜுரெமா காப்பியை அவர் கையில் திணித்தாள். "குடி. சர்க்கரை தூக்கலாப் போட்டிருக்கேன்."

விழா நெருங்கியபோது ஆய்வுக்கூடத்திலிருந்து மிர்தெஸ் தொலைபேசியில் கூப்பிட்டாள். சோதனை முடிந்துவிட்டது, எலும்பைத் திருப்பித் தர வேண்டும். ஆனால் விதிப்படி நிரூபணமான நெருங்கிய உறவினரின் கையெழுத்து இருந்தால்தான் தர முடியும். நிரூபணமான உறவினர்களில் முதல் ஆள் ஒனோஃப்ரி. அவரோ நிரூபணமான மற்ற உறவினரோ கேட்காவிட்டால், கேட்பாரற்ற எலும்பு என்று பெட்ரா மான்சா நகரசபைக்கே அனுப்பிவிடுவார்கள். நகரசபை அதைப் பொதுக்குழியில் போடும்.

"அவசரமில்லை, யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "முடிவை இப்படிப் பயன்படுத்துவாங்கன்னு நான் நினைக்கலை. மன்னிச்சிடுங்க" என்றாள். அந்த விவகாரத்தில் மன்னிப்புக் கேட்ட ஒரே ஆள் அவள்தான்.

அதற்கு மறுநாள் டாக்டர் எவரார்தோ பலாமேட்டில் ஏறினார். அவர் பரம்பரையிலேயே முதல் தடவை. மழை பெய்திருந்தது. சிவப்புச் சேறு முழங்கால்வரை. மூச்சு வாங்க வந்து நின்றவருக்கு ஜுரெமா நாற்காலி போட்டாள், காப்பி கொடுத்தாள்.

"ஒரு கையெழுத்துதான் ஒனோஃப்ரி. ஆளுநர் வர்றார். ராணுவ மரியாதை. பளிங்குல புதுக் கல்லறை. உங்க கொள்ளுத்தாத்தாவோட தாத்தாவுக்குச் செய்யற மரியாதை இது."

"நகரசபையில சொன்ன கருத்தை வாபஸ் வாங்கிக்கிறீங்களா டாக்டரய்யா?"

"வரலாற்றைப் பேரம் பேசக் கூடாது."

"அப்போ எங்களுக்கு?"

"புதுக் கல்லறைப் பக்கமா போற சந்துக்கு உங்க பேரு வைக்கலாம். இல்லேன்னா விழாவுல முதல் வரிசை. பிரம்பு நாற்காலி." கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் மனதுக்கே வலிக்கிற மாதிரி, "கை வைச்சது" என்றார்.

ஒனோஃப்ரி அவர் முகத்தைப் பார்த்தார். எதிரே இருப்பது பொல்லாத மனிதன் என்று அவருக்குத் தோன்றவில்லை. அதுதான் பயமாக இருந்தது. உண்மையிலேயே பெரிய விட்டுக்கொடுத்தல் செய்துவிட்ட முகம் அது.

"நான் கையெழுத்துப் போடலைங்க."

"அப்போ நீங்களே கொண்டுவந்து வச்சுக்கப் போறீங்களா?"

"இங்கேயா?" ஜுரெமா உள்ளேயிருந்து வந்துவிட்டாள். "பின்னால மேட்டுல எங்க பொண்ணுங்க எல்லாம் படுத்திருக்காங்க. அவங்க பக்கத்துல கொண்டுவந்து இந்த ஆளைப் படுக்க வைக்கணுமா? ஒருதடவை பட்டது போதாதா?"

டாக்டர் எழுந்தார். "உங்களுக்கெல்லாம் பெரியவங்க மேல மரியாதையே கிடையாது. ரத்தம் இருந்து என்ன?" என்றார். பாவம், இறங்கும்போது இரண்டு இடத்தில் வழுக்கி விழுந்தார். பலாமேட்டுப் பிள்ளைகள்தான் தூக்கிவிட்டார்கள்.

அதே விதிப்படி கழகத்து ஆட்கள் மற்ற உடல் வாரிசுகளை வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். குடிபோதையில் இருந்தவர்கள்கூட மாட்டேன் என்றுவிட்டார்கள்.

விழா நடக்கத்தான் செய்தது. காலிப் பெட்டியைத் தூக்கினால் ஆட்களின் நடை காட்டிக்கொடுத்துவிடும் என்று உள்ளே ஆற்றங்கல்லை நிரப்பினார்கள். ஆளுநர் பெட்டிக்கு முன்னால் தொப்பியைக் கழற்றினார். சிப்பாய்கள் வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். ஆயர் மறுபடி தீர்த்தம் தெளித்தார். பிரபுவின் முழுப்பெயரையும் வெயிலில் நின்று சொன்னதில் ஒரு பிரம்பு நாற்காலி மயங்கி விழுந்தது. டாக்டர் எவரார்தோ, "இந்தப் பெட்டியில் இருப்பது எங்கள் குடும்பத்தின் சாரம்!" என்று சொல்லும்போது குரல் தழுதழுத்தது. விருந்தாளிகளை ரயில் நிலையத்திலிருந்து ஏற்றிவந்தது நகரப் பேருந்து, ஓட்டியது ஒனோஃப்ரி. அவருக்கு அன்று விடுப்புக் கிடைக்கவில்லை.

யூகலிப்டஸ் கம்பெனியின் இயந்திரங்கள் குளிர்காலத்தில் வந்தன. பலாமேட்டுக்காரர்களுக்கு நெடுஞ்சாலைக்கு அப்பால் தகரக்கூரை வீடுகள் கொடுத்தார்கள். பின்மேட்டுப் புதைகுழிகளைத் தொடமாட்டோம் என்று கம்பெனி சொன்னது. தொடவும் இல்லை, அவற்றின் மேலேயே கன்று நட்டார்கள். ஜுரெமா சாமான்களைக் கட்டி முடித்தபின் வீட்டைப் பெருக்கினாள். "இடிக்கப் போற வீட்டை எதுக்குப் பெருக்குறே?" என்று ஒனோஃப்ரி கேட்டார். "குப்பையோட விட்டுட்டுப் போனாங்கன்னு அவனுங்க பேசக் கூடாது" என்றாள். அதன்பிறகுதான் அழுதாள்.

எலும்புப் பெட்டி வந்து சேர்ந்தது ஆகஸ்டில், சாதாரண சரக்கு வண்டியில். பிரபு ஏற்கெனவே பளிங்குக் கல்லறையில் இருக்கிறார் என்பதால் கழகத்திலிருந்து யாரும் வரவில்லை. நகரப் பேருந்தின் கடைசி நிறுத்தம் கல்லறைத் தோட்டம். ஒனோஃப்ரி வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டுக் கால் நீட்ட இறங்கியபோது, குழிவெட்டுகிற திபூர்சியோ பொதுக்குழி ஓரத்தில் ஒரு அட்டைப்பெட்டியோடு நின்றுகொண்டிருந்தான். அந்த வாரம் ஆற்றில் ஒதுங்கிய பெயர் தெரியாத ஒருவனும், ஆஸ்பத்திரியில் யாரும் வந்து கேட்காத ஒரு கிழவியும் ஏற்கெனவே உள்ளே இருந்தார்கள்.

"அண்ணே, இது உங்க ஆளுதானாமே?" என்றான் திபூர்சியோ.

"ஆமான்றாங்க."

பெட்டியைக் கவிழ்க்கும்போது அதிகச் சத்தம் கேட்கவில்லை. காய்ந்த விறகு விழுந்த மாதிரி இருந்தது. திபூர்சியோ மண்ணைத் தள்ளி, மண்வெட்டியின் முதுகால் தட்டிச் சமப்படுத்தினான். பிறகு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"சாமியார் இதுக்கெல்லாம் வர்றதில்லை. யாராவது சொந்தக்காரங்க இருந்தா ஒரு ஜெபம் சொல்லச் சொல்வேன். நீங்க சொல்லுங்கண்ணே. சின்னதாப் போதும்."

ஒனோஃப்ரி மறுக்கவில்லை. எப்படிப்பட்ட ஆளாக இருந்தாலும் செத்துப்போனவன்; ஒரு ஜெபம் சொல்வதில் என்ன போய்விடும் என்றுதான் நினைத்தார். கையைக் கூப்பினார். அவருக்கு முழுதாகத் தெரிந்த ஜெபம் ஒன்றுதான், சின்ன வயதிலிருந்து எல்லோரும் சொல்வது. கண்ணை மூடி, "எங்கள் தந்தையே" என்று தொடங்கினார்.

அதற்குமேல் வரவில்லை.

திபூர்சியோ காத்திருந்தான். அண்ணனுக்கு மறந்துவிட்டது போல என்று எண்ணி, அடுத்த வார்த்தையை மெதுவாக எடுத்துக் கொடுத்தான். ஒனோஃப்ரி தலையை ஆட்டினார். கூப்பிய கையைப் பிரித்து, கால்சட்டையில் துடைத்துக்கொண்டு போய்ப் பேருந்தில் ஏறினார். ஊருக்குத் திரும்பப் பூ விற்கிற பெண்கள் மூன்று நான்கு பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். கிளம்ப நேரமாகிவிட்டது என்று ஒருத்தி முணுமுணுத்தாள்.